‘கையெழுத்துப் போடுறேன்’ என்று சொல்லியாயிற்று, இனி?
வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொடுத்த வாக்கைப் பற்றியவை. ஊர்ப் பெயரைத் தவிர மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டோம். சபைக்குச் சபை வழக்கம் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

பொகவந்தலாவை வாசகி: நான் அரச பாடசாலை ஆசிரியை. எங்கள் சபையில் ஒரு தம்பி லீசிங்கில் ஆட்டோ எடுக்கிறார். 6 இலட்சம், 36 மாதம், மாதத் தவணை 22,900 ரூபா. அரச சம்பளக்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டுமாம். ஆராதனை முடிந்து வாசலில் வைத்துக் கேட்டார். ‘சரி தம்பி, போடுறேன்’ என்று சொல்லிவிட்டேன். வீட்டில் அவர் கூடவே கூடாது என்கிறார். ‘ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்’ என்று சங்கீதம் 15:4 சொல்கிறதே. போட்டுத்தான் ஆகவேண்டுமா?

பதில்: போட்டே தீரவேண்டும் என்றில்லை, சகோதரி. ஆனால் போடாமல் சும்மா இருந்துவிடவும் முடியாது.

15ஆம் சங்கீதத்தோடு நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். அங்கே வருகிறவன் அப்படியே உங்கள் நிலையில் இருக்கிறான்: சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டு, தன் வாய்ப்பேச்சாலேயே சிக்கிக்கொண்டவன். ‘சொன்னாய் அல்லவா, அனுபவி’ என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. உன்னைத் தாழ்த்திக்கொண்டு போய் அந்தச் சிநேகிதனையே வருந்திக் கேள், அதுவரைக்கும் கண்ணுக்கு நித்திரை வரவிடாதே என்கிறது வேதம். வாக்கை வாங்கியவர்தான் அதைத் திருப்பித் தரமுடியும். ஆகவே அவரிடமே போகவேண்டும். இந்த ஞாயிறு வரை தள்ளிப்போட வேண்டாம்.

போகுமுன் கணக்கைப் பாருங்கள். பிணை நிற்பது என்றால் ‘இவரை எனக்குத் தெரியும், நல்ல பிள்ளை’ என்று சாட்சி சொல்வது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 22,900ஐ 36ஆல் பெருக்கினால் 824,400. அவர் கட்டாவிட்டால் மிச்சத் தவணை, தாமத வட்டி, வழக்குச் செலவு எல்லாம் உங்களிடமும் கேட்கப்படும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் கடன்காரரும் பிணையாளரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால், முதலில் அவரைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் கம்பனிக்குக் கிடையாது. ‘வண்டியைப் பிடித்தால் கடன் தீர்ந்தது’ என்பதும் தப்புக் கணக்கு. ஏலத்தில் போன விலை கடனுக்குக் காணாவிட்டால் குறையைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். நீங்கள் பிணை நின்ற விபரம் கிரிப் அறிக்கையிலும் (ஒருவரின் கடன் விபரப் பதிவு) ஏறும். நாளைக்கு நீங்களே வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி அதைப் பார்க்கும்.

இப்போது ஒரு கேள்வி. கடன் வெட்டெல்லாம் போய் உங்கள் கைக்கு வரும் சம்பளத்தில் இந்த 22,900ஐ ஆறு மாதம் தொடர்ந்து கட்ட முடியுமா? முடியும், கணவரும் சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள், நல்ல காரியம்தான். முடியாது என்றால் அந்தக் கையெழுத்தே பொய்யாகிவிடுகிறது. ‘அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன்’ என்று, கட்ட வழியில்லை எனத் தெரிந்துகொண்டே எழுதிக் கொடுக்கிறீர்கள். தம்பிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக லீசிங் கம்பனிக்குப் பொய் வாக்குக் கொடுப்பதை எந்தச் சங்கீதமும் கேட்கவில்லை.

சொல்லும் விதமும் முக்கியம். வட்ஸ்அப்பில் வொயிஸ் அனுப்ப வேண்டாம். போதகரைத் தூது விடவேண்டாம்; அவர் சொன்னால் தம்பிக்கு மறுத்துப் பேச வாய் வராது, மனதில் வைத்துக்கொள்வார். ‘எனக்கு விருப்பம்தான், இவர்தான் விடுறாரில்ல’ என்று பழியைக் கணவர் தலையில் கட்டவும் வேண்டாம். வாயைக் கொடுத்தது நீங்கள். ‘தம்பி, யோசிக்காம சொல்லிட்டேன். இந்தப் பாரம் என்னால தாங்க ஏலாது. என்னை விட்டுடுங்க’ என்றால் போதும், விளக்கம் நீள வேண்டாம்.

அடுத்து, உங்கள் சொல்லை நம்பி அவர் ஏதாவது செய்துவிட்டாரா என்று கேளுங்கள். விற்பனையாளரிடம் முற்பணம் கட்டி, அது திரும்பி வராது என்றால் அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை நீங்கள் ஏற்கவேண்டும். 15ஆம் சங்கீதத்தின் ‘நஷ்டம்’ உங்களைத் தொடுகிற இடம் இதுதான். வேறு பிணையாளர் தேட இரண்டு வாரம் வேண்டும் என்றால், கூடவே நின்று தேடுங்கள். குற்றவுணர்வில் ‘வேறு ஏதாவது செய்றேன் தம்பி’ என்று இன்னொரு மொட்டை வாக்கை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். உதவ மனமிருந்தால் ஒரு தொகையைக் கையில் கொடுங்கள், கடனாக அல்லாமல்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வாக்கு இப்போது கம்பனியின் கையில். ‘மனம் மாறிவிட்டேன்’ என்பது செல்லாது. ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். தவணைத் திகதியில் கட்டிய பற்றுச்சீட்டைப் படம் பிடித்து அனுப்பும்படி முதல் மாதமே பழக்கப்படுத்துங்கள். ஒரு தவணை பிந்தினால் அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். இரண்டு பிந்தினால் இருவரும் சேர்ந்து கிளைக்குப் போய்த் தவணையை மாற்றி அமைக்கக் கேளுங்கள். வண்டியைப் பிடித்த பிறகு அந்தப் பேச்சு எடுபடுவது கஷ்டம்.

பண்டாரவளை வாசகர்: எங்கள் சபையில் எதற்குக் கூப்பிட்டாலும் ‘கர்த்தருக்குச் சித்தமானால் வாறோம்’ என்கிறார்கள். வருவதில்லை. இது வேத வசனம் ஆயிற்றே, எப்படிக் குறை சொல்வது?

பதில்: யாக்கோபு 4:13–15ஐ எடுத்துப் பாருங்கள். இன்ன பட்டணத்துக்குப் போய், ஒரு வருஷம் இருந்து, வியாபாரம் பண்ணுவோம் என்று திட்டம் போட்டவர்களுக்குச் சொன்னது அது. போக எண்ணம் உள்ளவன் சொல்லவேண்டிய வார்த்தை. போகிற எண்ணமே இல்லாதவர் சொன்னால், தன்னுடைய ‘மாட்டேன்’ என்பதைக் கர்த்தர் பேரில் போடுகிறார். பவுல் கொரிந்துவுக்கு வருவதாக இருந்து வராமல் போனபோது, ஏன் வரவில்லை என்று காரணத்தை எழுதி அனுப்பினார் (2 கொரிந்தியர் 1:15–23). மரியாதை அதுதான். உங்களுக்கு ஒரு வழி சொல்கிறோம்: அந்த வசனத்தைக் கேட்டதும் ‘அப்ப சாப்பாட்டுக்கு எத்தனை பேர் எழுதட்டும்?’ என்று கொப்பியைத் திறவுங்கள். சித்தம் அங்கேயே தெரிந்துவிடும்.

தலவாக்கலை வாசகர்: தேயிலை மலையில் கொழுந்து நிறுத்து எழுதுவது என் வேலை. எங்கள் தோட்டத்தில் 18 கிலோ இருந்தால் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), இல்லாவிட்டால் அரைப் பேர். கொழுந்து குறைந்த நாளில் சொந்தக்காரப் பெண்கள் ‘பதினேழை பதினெட்டா போடுங்கண்ணே’ என்கிறார்கள். மறுபக்கம், சாக்குக்கும் தண்ணிக்கும் என்று நிறுவைக்கு 2 கிலோ வெட்டச் சொல்கிறார்கள். சாக்கு அவ்வளவு இல்லை என்று எனக்கே தெரியும். இரண்டுமே பொய். எதை முதலில் விடுவது?

பதில்: இரண்டாவதை. முதலாவது எப்போதாவது ஒருவருக்குப் போகிறது. இரண்டாவது தினமும் எல்லாரிடமிருந்தும் போகிறது. மூன்று நிறுவை என்றால் ஆளுக்கு 6 கிலோ. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11:1 சொல்வது இதைத்தான். உபாகமம் 25:13–15 இன்னும் நெருங்கி வருகிறது: ஒரே பையில் பெரிசும் சிறிசுமாக இரண்டு நிறைகல் வைத்திருக்காதே என்கிறது.

சண்டைக்குப் போகாமல் எண்ணோடு போங்கள். காலையில் பெரட்டு (வேலை பிரித்துக் கொடுப்பது) முடிந்ததும் காய்ந்த வெற்றுச் சாக்கு ஐந்தைச் சேர்த்து நிறுத்து ஐந்தால் வகுங்கள். மழை நாளில் நனைந்த அதே ஐந்து சாக்கையும் அப்படியே நிறுங்கள். இரண்டு எண்ணையும் திகதியோடு எழுதிச் சின்னத்துரையிடமும் (உதவி முகாமையாளர்) தோட்டத் தலைவரிடமும் காட்டுங்கள். இலைத் தண்ணீருக்கான வெட்டு வேறு, சாக்குக்கான வெட்டு வேறு என்று பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டு ‘2 கிலோ’ என்கிறபோதுதான் வெயில் நாளிலும் தண்ணீருக்கு வெட்டு விழுகிறது.

அடுத்தது உங்கள் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சாக்குக்கும் முன் தராசு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சாக்கின் அடி தரையிலோ யாருடைய முழங்காலிலோ முட்டாமல் தொங்கவேண்டும். இலக்கம் நின்ற பிறகு உரக்க வாசியுங்கள், எழுதுங்கள், அதன் பிறகு கழற்றுங்கள். கழற்றிவிட்டு ஞாபகத்தில் எழுதுவதுதான் பாதிச் சண்டைக்கும் காரணம்.

தசமத்தை விட்டுவிட்டு எழுதுகிறீர்களா என்றும் பாருங்கள். ஒரு பெண் காலையில் 6.7, பகலில் 5.6, மாலையில் 5.8 கிலோ எடுக்கிறாள் என்று வையுங்கள். கூட்டினால் 18.1; முழுப் பேர். ஒவ்வொரு தடவையும் தசமத்தை விட்டு 6, 5, 5 என்று எழுதினால் 16, அரைப் பேர். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அவளுடைய இரண்டு கிலோவைக் காணோம். நிறுவைக்கு நிறுவை தசமத்தோடு எழுதி, நாள் முடிவில் கூட்டிய பிறகு மட்டும் வழக்கப்படி முழு எண்ணாக்குங்கள். ‘பதினெட்டா போடுங்கண்ணே’ என்று கேட்கிறவர்களில் சிலர் உண்மையாகவே 18 எடுத்தவர்களாக இருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு 17 என்றால் 17தான். நீங்கள் கூட்டி எழுதும் கிலோ பெக்டரியில் இருக்காது. அங்கே லொறியை நிறுத்து மலைக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். வழியில் கொழுந்து வாடி நிறை குறைவது இயல்பு, அதற்கு இடம் விட்டிருப்பார்கள். வித்தியாசம் அதற்கு மேலே போனால் மறுவாரம் எல்லாருக்கும் வெட்டு ஏறும். மைத்துனிக்குக் கொடுத்த கிலோவைப் பக்கத்து நிரைக்காரி கட்டுகிறாள். மைத்துனிக்கு உதவ நேரம் பகல் நிறுவை: ‘இன்னும் ஏழு கிலோ வேணும், கீழ் நிரையில கொழுந்து நிக்குது’ என்று அப்போதே சொல்லுங்கள். அதற்கும் முடியாத நாள் என்றால் உங்கள் பொக்கட்டிலிருந்து கொடுங்கள், செக்ரோலிலிருந்து (சம்பளப் பதிவேடு) வேண்டாம்.

முற்றல் இலையை நடுவில் வைத்து மேலே தளிரைப் பரப்புவதும், தண்ணீர் தெளிப்பதும் இதே கணக்குத்தான். அந்தக் கடிதம் யாரும் எழுதவில்லை என்பதையும் கவனித்தோம்.

மஸ்கெலியா வாசகி: மூன்று இடத்தில் மைக்ரோ கடன். வாரம் 1,450, 980, 1,200. கடன் குழு கூடும் சென்டருக்குக் காசோடு போகாவிட்டால் லயத்து வீட்டுக்கே வருகிறார்கள். காசில்லாத நாளில் காம்பராவுக்குள் இருந்துகொண்டு ‘அம்மா டவுனுக்குப் போயிட்டாங்கனு சொல்லு’ என்று மூத்த மகளை அனுப்புகிறேன். ஞாயிறு பாடசாலைக்குப் போய்வந்து ‘அது ஒன்பதாவது கட்டளைம்மா’ என்கிறாள்.

பதில்: மகளுக்கு ஒழுங்காகத்தான் படிப்பித்திருக்கிறார்கள். (‘பொய்ச்சாட்சி சொல்லாதே’ என்ற அதையே கத்தோலிக்கப் பிள்ளைகள் எட்டாவது என்று படிப்பார்கள். கட்டளை ஒன்றுதான், எண்ணும் முறை வேறு.) எபிரேயக் குழந்தைகளைக் காப்பாற்றிய எகிப்தின் மருத்துவச்சிகளும், வேவுகாரரை ஒளித்துவைத்த ராகாபும் பொய் சொல்லவில்லையா என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் பிறர் உயிரைக் காப்பாற்றினார்கள். இங்கே குழுக் கடன். நீங்கள் ஒளிந்த அன்று உங்கள் தவணையைக் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் போடவேண்டி வருகிறது. பொய் வாசலில் நிற்கும் ஆளுக்குச் சொல்லப்பட்டாலும் நஷ்டம் அடுத்த காம்பராவுக்குப் போகிறது.

உங்களை ஏசுவதற்காக இதை எழுதவில்லை. வாரம் 3,630 என்பது எந்த லயத்து வீட்டுக்கும் பெரிய சுமை. ஒரு கடதாசியில் மூன்று கடனையும் எழுதுங்கள்: மிச்சம் எவ்வளவு, இன்னும் எத்தனை வாரம், வாரத் தவணை என்ன. கீழே, சாப்பாடு, பிள்ளைகள் செலவு போக உண்மையாகக் கொடுக்கக்கூடியதை எழுதுங்கள். அது 2,000 என்றால் 2,000 என்றே எழுதுங்கள். வெட்கத்துக்காக 3,000 என்று எழுதினால் மூன்றாம் வாரம் திரும்பவும் ஒளிய வேண்டிவரும். வசூல் நாளுக்கு முன்பே பாஸ்புத்தகத்தோடு கிளைக்குப் போங்கள். வாரங்களைக் கூட்டித் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். அப்படிச் செய்தால் மொத்தம் எவ்வளவு கூடும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் சபையில் கணக்கு வழக்குத் தெரிந்த ஒரு அக்காவைக் கூட்டிக்கொள்ளுங்கள். 500 ரூபா கட்டினாலும் புத்தகத்தில் பதியாமல் கொடுக்காதீர்கள். ஒன்றை அடைக்க நாலாவது கடன் வேண்டவே வேண்டாம்.

குழுப் பெண்களுக்கு முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். காலையில் தெரிந்தால் கோபம். இரவே தெரிந்தால் ஏதாவது ஒழுங்கு பண்ணலாம்.

வசூல்காரர் வந்தால் மகள் சொல்லவேண்டியது: ‘அம்மா உள்ள இருக்காங்க, வருவாங்க’. நீங்கள் வெளியே வந்து, ‘இன்னைக்கு இவ்வளவுதான் இருக்கு, பதிஞ்சு தாங்க’ என்று சொல்வதை அவள் பார்க்கட்டும். கொஞ்ச நாளைக்குப் பேச்சு வாங்குவீர்கள். அந்தப் பிள்ளையை வாசலுக்கு அனுப்பிப் பேச்சு வாங்க வைப்பதைவிட அது மேல்.

நானுஓயா வாசகி (கத்தோலிக்கர்): மகனுக்கு டெங்கு வந்தபோது என் மாமியார், பிழைத்தால் மடு மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டார். நிறைவேற்றுமுன் இறந்துவிட்டார். இப்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே நாத்தனார் ‘நேர்த்தி பாக்கி’ என்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள். நேர்ந்துகொண்டவரைத்தான் நேர்த்தி கட்டும் என்று திருச்சபைச் சட்டம் 1193 தெளிவாகச் சொல்கிறது. மாமியார் வைத்த நேர்த்தி மருமகளுக்கோ பேரனுக்கோ கடனாக இறங்காது. ஆண்டவர் கந்துவட்டிக்காரர் அல்ல, தவணை பிந்தியதற்குப் பிள்ளைமேல் காய்ச்சலை அனுப்ப. மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒருமுறை டெங்கு வந்த பிள்ளைக்கு மறுமுறை கடுமையாக வரலாம்.

மாமியாரின் அன்பை மதித்து நீங்களாகப் போக விரும்பினால் தாராளமாகப் போங்கள். ஆவணித் திருவிழாக் கூட்டத்தில்தான் போகவேண்டும் என்றில்லை. சாதாரண நாளில் செலவும் குறைவு, அமைதியாகச் செபிக்கவும் முடியும். ‘அடுத்த வருசம் கட்டாயம்’ என்று புதிதாக நேராதீர்கள், போக முடிகிறபோது போங்கள். நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேராதிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5.

தானே நேர்ந்துகொண்டு, பிறகு உடம்பாலோ பணத்தாலோ முடியாமல் தவிக்கிறவர்களுக்கு வழி வேறு. பங்குத்தந்தையிடம் போங்கள். தக்க காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டு (சட்டம் 1196). அதற்குச் சமமான அல்லது மேலான நற்செயலாக நீங்களே மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு (1197).

கொட்டகலை வாசகர்: விபத்து வழக்கொன்றில் சாட்சி சொல்ல அழைப்பாணை வந்திருக்கிறது. ‘பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்’ என்று இயேசு சொல்லியிருக்க, பைபிளைத் தொட்டுச் சத்தியம் பண்ணலாமா?

பதில்: கத்தோலிக்கத் திருச்சபையும் மெதடிஸ்த சபையும் பண்ணலாம் என்கின்றன. அங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் கடைசி விதியே இதைப் பற்றியதுதான்: நீதிபதி கேட்கும்போது சத்தியம் செய்வதை வேதம் தடுக்கவில்லை என்கிறது. பிரதான ஆசாரியன் ஜீவனுள்ள தேவன்பேரில் ஆணையிட்டுக் கேட்டபோது இயேசுவும் பதில் சொன்னார் (மத்தேயு 26:63–64). ‘அம்மா மேல சத்தியமா’ என்று கடையில் விலை பேசுகிறவர்களைத்தான் மத்தேயு 5ஆம் அதிகாரம் முதலில் பிடிக்கும்.

அப்படியும் உங்கள் மனச்சாட்சி இடந்தராவிட்டால், சத்தியத்துக்குப் பதில் உறுதியுரை (கடவுள் பெயர் சொல்லாமல் உறுதி கூறுவது) செய்ய இலங்கைச் சட்டம் இடமளிக்கிறது. பொய் சொன்னால் தண்டனை இரண்டுக்கும் ஒன்றே. கூண்டில் ஏறி நின்று தர்க்கம் பண்ணாமல், பெயர் கூப்பிடுமுன்பே நீதிமன்ற அலுவலரிடம் சொல்லிவைத்துவிடுங்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள். வேகம் எவ்வளவு என்று கேட்டு உங்களுக்குத் தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்பதும் முழுப் பதில்தான்.